நான் வழிகாட்டிய அருவி

என் மச்சினன் ஏகாம்பரம் செய்யாத தப்புக்கு அவனைத் திட்டு வாங்க வைத்தவன் நான். தப்பு என்னுடையது. அது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. (இன்று என் வீட்டில் இது சிரிப்புக் கதை. எல்லோரும் சிரித்து முடித்த பிறகு நானும் கொஞ்சம் சிரிப்பேன்.)

முதலில் என் கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். வேறு ஊரில் இது ஒரு சின்னக் குறை. காஞ்சிபுரத்தில், அதுவும் பட்டுத்தறி ஓடும் வீட்டில், நாதஸ்வரக்காரர் வீட்டில் சுதி தெரியாத பிள்ளை பிறந்த மாதிரி. சிறு வயதில் அறுந்த இழைகளை முடிந்து வைக்கச் சொன்னார் அப்பா. அரக்கு இழையைப் பச்சை இழையோடு அழகாக முடிந்து வைத்தேன். "கவனம் எங்கடா இருக்குது?" என்று ஓர் அறை விழுந்தது. கவனமில்லாதவன் என்ற பெயர் எனக்கு வசதியாகப் போயிற்று. கறுப்பு எழுத்தும் வெள்ளைத் தாளுமான புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, சரித்திர ஆசிரியராகி, ஓய்வும் பெற்றேன். கட்டிய மனைவி வசந்தாவிடம்கூடச் சொன்னதில்லை. யார் எந்தப் புடவையைக் காட்டினாலும், "கலர் எடுப்பா இருக்குது" என்பேன். இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே பட்டு ஊரில் வாழ்க்கையை ஓட்டிவிட்டேன்.

என் ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் பிறந்த அன்றே ஏகாம்பரம் சொல்லி வைத்திருந்தான்: "இவ முகூர்த்தப் பொடவய என் கையால நான்தான் நெய்வேன்." முகூர்த்தப் புடவை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. சம்பந்தி ராஜவேலு பெருந்தன்மையாக, "தாய்மாமன் நெய்யட்டும், அதைவிட என்ன வேணும்" என்று ஒப்புக்கொண்டார். ஏகாம்பரம் அரக்கு உடலுக்கும் பச்சைக் கரைக்கும் நூல் வாங்கிச் சாயம் போட்டு, தறியில் நெடுக்கு நூலான பாவும் ஏற்றிவிட்டான்.

சம்பந்திக்கு ஒரு பைத்தியம் உண்டு. யாரும் போகாத இடத்துக்குப் போக வேண்டும். அவரை அசத்த நினைத்து, "ஜவ்வாது மலையில ஓர் அருவி இருக்குது சம்பந்தி. பேரே கிடையாது. எனக்கு வழி தெரியும்" என்று அளந்துவிட்டேன். கல்லூரி நாளில் நண்பர்களின் முதுகைப் பார்த்தபடி ஒரு தடவை போனதுதான். செல்போன் வரைபடத்தில் அந்த இடம் வெறும் பச்சையாகக் கிடந்தது. (பச்சை என்று மாப்பிள்ளை சொன்னார்.) இணையத்தில் தேடியதில் ஓர் ஆட்டுக்குட்டியின் படம் மட்டும் கிடைத்தது.

தை மாதத்தில் ஒரு நாள் நான், சம்பந்தி, மாப்பிள்ளை, ஏகாம்பரம் நால்வரும் கிளம்பினோம். மலையடியில் வேனை விட்டு இறங்கியதும் ஏகாம்பரம் ஒரு பையைத் திறந்தான். சாயம் போட்டதில் மிஞ்சிய பட்டு நூல்.

"திரும்பி வர வழிக்கு அங்கங்க கட்டிக்கினே போறேன் மாமா. செவப்பு. இந்தப் பச்சக் காட்டுல பளிச்சுனு கண்ணுல அடிக்கும்."

"நல்ல யோசனைப்பா" என்றேன்.

விறகு சுமந்து வந்த ஓர் அம்மாளிடம் அருவியைப் பற்றிக் கேட்டோம். "தண்ணி வுழுற எடமா? அதுல இன்னா இருக்குது, தண்ணிதான் வுழுது" என்று கை காட்டிவிட்டுப் போனார். ஓடையோரம் முள்ளில் சட்டை கிழிய, பாறை பாறையாக ஏறினோம். இரண்டு ஆள் உயரத்திலிருந்து, வீட்டுக் குழாயைவிடச் சற்று அதிகமாகத் தண்ணீர் விழுந்தது. சம்பந்தி குழந்தை மாதிரி கை தட்டினார். அடியில் போய் நின்று, "சம்பந்தி, நீங்க பெரிய ஆளுய்யா!" என்று கத்தினார். கத்திய வேகத்தில் வழுக்கி விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார்.

திரும்பும்போது ஏகாம்பரமும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு தோள் கொடுத்து அவரை இறக்கினார்கள். மூன்று பேருடைய கண்ணும் காலடியில். முன்னால் போக மீதி இருந்தது நான் மட்டும்.

"நூலப் பாத்துக்கினே போங்க மாமா!"

"எனக்குத் தெரியாதா?" என்றேன்.

எனக்குத் தெரியாது. வழி இரண்டாகப் பிரிந்த இடத்தில் நின்று பார்த்தேன். இலை, இலை, மேலும் இலை. நூல் எந்தக் கிளையில் இருந்ததோ, அந்தச் சாமிக்குத்தான் வெளிச்சம். "கண்ணு தெரியலப்பா, நீ வந்து பாரு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரித்திர ஆசிரியரின் கம்பீரத்தோடு இடது பக்கம் திரும்பினேன்.

வெகுதூரம் போன பிறகுதான் மற்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எந்த மரத்திலும் நூல் இல்லை. செல்போனில் சிக்னல் இல்லை. தண்ணீர் பாட்டிலும் காலி. வலியில் சம்பந்தியின் முகம் கோணிப்போயிருந்தது.

"எங்கய்யா உன் நூலு?" என்றார்.

"கட்டினேனே! ஒவ்வொரு திருப்பத்துலயும் கட்டினேன். மாமா, நீங்க பாக்கல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் பார்த்த வரைக்கும் எங்கேயும் நூல் இல்லை" என்றேன்.

ஒரு வகையில் உண்மைதான். அந்த உண்மைக்காக இன்றும் கூசுகிறேன்.

"திரும்பிப் போலாம், வாங்க. காட்டுறேன்" என்று ஏகாம்பரம் கெஞ்சினான். சுளுக்கிய காலோடு யார் ஏறுவது? அங்கே தென்பட்ட வேறோர் ஓடையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மலையின் வேறொரு பக்கத்தில், யாருடைய கொள்ளு வயலிலோ போய் விழுந்தோம். வேனில் சம்பந்தி ஒரே வார்த்தைதான் சொன்னார்: "ஒரு நூலை ஒழுங்கா கட்டத் தெரியாதவர், என் மருமகளுக்குப் பொடவை நெய்யப் போறாராம்." ஏகாம்பரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் செருமினேன். செருமியதோடு சரி.

முகூர்த்தப் புடவையைக் கடையில் எடுத்தார்கள். வசந்தாவும் சேர்ந்து தம்பியைத் திட்டினாள். வைகாசியில் கல்யாணம். தாய்மாமன் சீர்த் தட்டோடு வந்து நின்றவன், மணமேடையில் இருந்த புடவையை நிமிர்ந்தே பார்க்கவில்லை. "கலர் எடுப்பா இருக்குது" என்று நான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆடி விருந்துக்கு மாப்பிள்ளையோடு சம்பந்தியும் வந்தார். ஏகாம்பரம் பந்தியின் கடைசியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாப்பாட்டைப் பாதியில் விட்டேன். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

ஒருவரும் நம்பவில்லை! "மச்சானைக் காப்பாத்தப் பாக்குறீங்க, விடுங்க" என்றார் சம்பந்தி. வாழ்நாள் முழுக்க மறைத்த மறைப்பு அப்படி. கடைசியில் மகள் சமையலறையிலிருந்து ஒரு தட்டு நிறைய மிளகாய் கொண்டுவந்து, "பழுத்ததைத் தனியா எடுப்பா" என்றாள். எடுத்தேன். பந்தியே எழுந்து வந்து பார்த்தது. சம்பந்தி தக்காளிப் பழத்தையும் காயையும் மாற்றி மாற்றி நீட்டினார். ஆடி விருந்தில் மாமனாருக்குக் காய்கறிப் பரீட்சை நடந்து, அவர் தோற்றதும் காஞ்சிபுரத்தில் என் வீட்டில்தான் இருக்கும்.

வசந்தா மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப என் கல்யாணப் பொடவ எடுப்பா இருக்குதுன்னு சொன்னீங்களே?" என்றாள்.

சம்பந்தி எழுந்து போய் ஏகாம்பரத்தின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். அவன் கை கழுவிவிட்டு வந்து என்னிடம் சொன்னான்: "அங்கயே சொல்லியிருந்தா நான் உங்க கையப் புடிச்சி இட்டுக்கினு வந்திருப்பேனே மாமா." அவ்வளவுதான். அதற்கப்புறம் மூன்று மாதம் அவன் வீட்டுப் பக்கமே வரவில்லை. நான் போனால் தறி ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்தமாட்டான்.

தீபாவளிக்கு வந்தான், கையில் ஒரு பட்டு அங்கவஸ்திரத்தோடு. முகூர்த்தப் புடவைக்கென்று ஏற்றிய பாவில் நெய்தது என்றான். அந்தப் பாவை அதுவரை அறுக்காமல் வைத்திருந்திருக்கிறான்.

"கலர் எப்படி மாமா இருக்குது?"

"எடுப்பா இருக்குதுப்பா."

வீடே வெடித்துச் சிரித்தது. அரக்கில் பச்சை நூலால் ஏதோ எழுத்து நெய்திருக்கிறானாம். எனக்கு ஒரே நிறமாகத்தான் தெரிகிறது. என்ன எழுத்து என்று கேட்டால் வசந்தா, "உங்க மச்சினனைக் கேளுங்க" என்கிறாள். அவனைக் கேட்டால், "படிச்சவரு நீங்க, படிச்சிக்கோங்க" என்கிறான்.

போகிற கல்யாணத்துக்கெல்லாம் அதைப் போட்டுக்கொண்டுதான் போகிறேன். எதிரே வருகிறவர்கள் என் தோளைப் படித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நானும் கும்பிட்டுவிட்டு நடக்கிறேன். நெய்த எழுத்துதானே, விரலால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். இதுவரை தடவிப் பார்க்கவில்லை.