ஒரு லட்சத்து மூன்றை வகுத்த கதை

ஒரு காட்டில், ஆற்றோரம் அன்று இருந்தவர்கள்: எறும்புகள் ஒரு லட்சத்து மூன்று, எறும்புத்தின்னி ஒன்று. வேறு யாரும் இல்லை. இரண்டு முறை பார்த்தாயிற்று.

வெள்ளம் புற்றுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. தப்பிக்க ஒரே வழி, ஆற்றின் குறுக்கே விழுந்து கிடந்த மரம். அதன் மறுமுனையில் எறும்புத்தின்னி காவல். காட்டு விதிப்படி எறும்புகள் சம வரிசைகளாக வர வேண்டும். வரிசையில் சேராமல் மீதி நிற்பவரை எறும்புத்தின்னி தின்னலாம். மற்றவரைத் தொடக் கூடாது.

எண்ணும் வேலை வேம்பாயியுடையது. எண்ணுகிறவள் என்பதால் எப்போதும் கடைசியில் நிற்பாள்.

"இரண்டிரண்டா போவோம்," என்றாள் முன்னால் நின்ற பொன்னரசி.

வேம்பாயி கணக்குப் போட்டாள். "ஒரு ஆள் மீதி வருதே."

"ஒருத்திதானே அக்கா, போனா போகட்டும்."

"எந்த ஒருத்தி?"

"கடைசியில நிக்கிறவங்கதான்."

வேம்பாயி திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"எனக்காகச் சொல்லல. கணக்குன்னா மீதியில்லாம வகுபடணும்," என்றாள்.

மூன்றால் வகுத்தாள், மீதி ஒன்று. ஐந்தால், மூன்று. ஏழால், மறுபடி ஒன்று. பதினொன்றால், இரண்டு.

"அக்கா, தண்ணி காலைத் தொடுது!"

"எத்தனை காலை?"

"ஆறையும்!"

முந்நூற்றுப் பதினாறு வரை பார்த்தாள். அதற்கு மேல் தேவையில்லை. பெரிய எண்ணால் வகுபடுமானால், அதற்குள் சிறிய எண் ஒன்றாலும் வகுபட்டிருக்கும். ஒன்றாலும் தன்னாலும் தவிர எதனாலும் வகுபடாத எண் அது. இதோடு மல்லுக்கு நிற்க ஒரு தனிப் புத்தி வேண்டும். எழுதுகிற நானும் அந்த ரகம்தான். பஸ்ஸில் பயணிகளை எண்ணி முடிப்பதற்குள் இறங்க வேண்டிய இடம் போய்விடும்.

எல்லோரும் பக்கம் பக்கமாக நடக்க மரத்தில் அகலமில்லை. மிஞ்சிய வழி ஒன்றுதான்.

"வரிசைக்கு ஒரு ஆள்!" என்று கத்தினாள் வேம்பாயி. "மீதி பூஜ்ஜியம்!"

"மூளைன்னா உங்க மூளைதான் அக்கா," என்று சொல்லிவிட்டுப் பொன்னரசி முதல் ஆளாக மரத்தைக் கடந்தாள்.

எறும்புத்தின்னி கேட்டது: "பக்கத்துல யாரு?"

"யாருமில்ல அண்ணாச்சி."

"துணையில்லாம தனியா வந்தா அதுக்குப் பேரு மீதி," என்று நாக்கை நீட்டியது.

வெள்ளத்தின் இரைச்சலில் பின்னால் எதுவும் கேட்கவில்லை. வரிசை நன்றாக நகர்கிறதே என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. வேம்பாயி ஒருத்தியையும் விடாமல் எண்ணி அனுப்பினாள்.

கடைசியாக அவள் வந்தபோது எறும்புத்தின்னியால் எழுந்திருக்க முடியவில்லை.

"ஒரு லட்சத்து ரெண்டு பேர் வந்தாங்களே அண்ணாச்சி, எங்கே?"

அது வயிற்றைக் காட்டியது. நாக்கை நீட்டி, யோசித்து, உள்ளே இழுத்துக்கொண்டது.

"உன்னையும் தின்னுட்டா, நான் விதிப்படிதான் தின்னேன்னு யாரு கணக்குச் சொல்றது? போ."

வேம்பாயி கரையில் நின்று சரிபார்த்தாள். இரண்டிரண்டாகப் போயிருந்தாலும் இதே மீதிதான். விடை ஒத்து வந்ததில் அவளுக்கு ஒரு திருப்தி.

நீதி: மீதி நாமாக இருந்தால், எப்படி வகுத்தாலும் கணக்கு சரியே. மீதி: 1.