பிள்ளைத்தாச்சியின் போனும் டவரத்தையும்

போடியில் செல்போன் டவர்களே பார்த்துப் பயந்த மனுஷி ஒருத்தர் உண்டென்றால், அது எங்கள் எதிர்வீட்டு அத்தைதான்; அதனாலேயே தெருவில் அவருக்கு 'டவரத்தை' என்று பேர். தெருவில் எந்தப் பெண்ணுக்காவது வயிறு தெரிந்தால் போதும், போனைப் பிடுங்க வந்துவிடுவார்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் காய் பொறுக்குகிறவர் அவர். "முத்தாத காயச் சூட்டுல ஒலத்துனா சுருங்கிப் போகும்ல? காதுல வச்ச போனு சுடுதுல்ல? வயித்துல இருக்குறதும் முத்தாத காயிதான் ஆத்தா." இதுதான் அவருடைய மொத்த விஞ்ஞானம்.

நான் ஊருக்குப் புதிது, வயிற்றில் பிள்ளை வேறு. கணவர் போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் சூப்பர்வைசர். சாயங்காலம் சிக்னல் கிடைக்கிற பாறையில் ஏறி அவர் பேசும் சில நிமிடங்களுக்காகப் பகல் முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அதற்குத்தான் வேட்டு வைத்தார் அத்தை.

செக்கப்புக்கும் கூடவே வந்தார். "போன் பேசுறதால குழந்தைக்குப் பாதிப்புன்னு நிரூபணமாகல, பயப்படாமப் பேசுங்க" என்றார் டாக்டரம்மா. "மொதல்ல மேசையில கெடக்குற ஒங்க போன அங்கிட்டு வைங்க தாயி, பிள்ளத்தாச்சி உக்காந்திருக்கா!" என்றார் அத்தை. டாக்டரம்மா போனை டிராயருக்குள் போட்டார்.

கடைசியில் ஒரு சமரசம். சாயங்காலம் அவர் கூப்பிட்டால், அத்தை என் போனோடு தெருவின் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

"சாப்ட்டியான்னு கேக்குறாக!"

"சாப்ட்டேன்னு சொல்லுங்கத்தே!"

"ஒன்னய நெனச்சுத் தூக்கமே வரலையாம்! ஏ மாப்ளே, இதையெல்லாமா எங்கிட்டச் சொல்லுவீக?"

தெருவே சிரிக்கும்.

ஐப்பசி மழையில் மலையில் சிக்னல் போனது, தெருவில் கரண்டும் போனது. கணவரிடமிருந்து தகவலே இல்லை. மெட்டு ரோட்டில் பாறை சரிந்ததாகச் சேதி வேறு. எனக்குச் சோறு இறங்கவில்லை, அழுதபடியே கிடந்தேன்.

சாயங்காலம் எதிர்ப்பக்கமிருந்து அத்தையின் குரல். "ஏத்தா, மாப்ள பேசுறாக! நல்லாருக்காகளாம்! ஒன்னய வெரசாச் சாப்பிடச் சொல்றாக!"

சார்ஜ் இறங்கிப் போன் காலையிலேயே அணைந்துவிட்டது எனக்குத் தெரியும். ஆனாலும் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன்.

அத்தை நிறுத்தவில்லை. "குளிருக்குக் கம்பளி இருக்கா? கஞ்சி குடிச்சீகளா?" அவருக்கென்று போன் செய்ய யாருமே கிடையாது. காதிலிருந்து அதை எடுக்க மனசில்லாமல் நின்றார்.

ரோடு சரியானதும் கணவர் பத்திரமாக ஜீப்பில் வந்து இறங்கினார். மகளும் நல்லபடியாகப் பிறந்தாள். ஊர் மாறும்போது அத்தைக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தோம்.

தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறேன். "சோலி கெடக்கு, வைய்யி ஆத்தா" என்பார். ஒருநாளும் அவராக வைத்ததில்லை.