மீனுக்கும் கொசுவுக்கும் நடுவில்

கல்கத்தாவில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்தால் அம்பத்தூரில் இன்னொருவர் தலையில் ஏன் இடி விழ வேண்டும்? செபாஸ்டியன் தலையில் விழுந்தது. எதிர்வீட்டுக்குப் போய் போன் பேசிவிட்டு வந்தவர், வீட்டுக்குள் வராமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, யாருக்கு என்ன ஆச்சு?" என்று தெரசா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"கல்கத்தா எக்ஸாமினருக்கு மஞ்சக்காமாலையாம். வெள்ளிக்கிழமை வைவாவுக்கு வர முடியாதாம்."

"இவ்ளோதானா? நான் பயந்தே போயிட்டேன். வேற ஒருத்தரைப் போட மாட்டாங்களா?"

"போட்டுட்டாங்க. அதான் சங்கடம். சண்முகசுந்தரம் சாரைப் போட்டிருக்காங்க."

தெரசா கையிலிருந்த கரண்டியோடு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். எட்டு வருஷமாக ஆராய்ச்சி மாணவர் ஒருவரோடு குடித்தனம் நடத்துகிறவள். அந்தப் பெயர் எவ்வளவு பெரிய இடி என்று அவளுக்கும் தெரியும்.

பட்டணத்துப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறைக்கு இரண்டு புகழ்பெற்ற பேராசிரியர்கள். ஒருவர் ஜானகிராமன். ஏதோ ஒரு மலையோடையில் அவர் கண்டுபிடித்த மீனுக்கு அவர் பெயரையே வைத்திருந்தார்கள். இன்னொருவர் சண்முகசுந்தரம். அவர் பெயரில் ஒரு கொசு இருந்தது. அந்தக் கொசு எந்த நோயையும் பரப்பாது என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் என்று மாணவர்கள் சொல்லிக்கொள்வார்கள். வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் இந்த இருவரைப் பார்க்காமல் போக மாட்டார்கள். ஆனால் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். ஏனென்றால் இருவரும் பேச்சை விட்டுப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

சண்டை எதனால் வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எதனால் வந்திருந்தால் என்ன, வந்த சண்டை கெட்டியாக உட்கார்ந்துவிட்டது. ஒருவர் கிழக்குப் படிக்கட்டில் ஏறினால் இன்னொருவர் மேற்குப் படிக்கட்டில் இறங்குவார். ஒருவர் இருக்கும் கமிட்டியில் இன்னொருவர் உட்கார மாட்டார். ஒருவரைத் துறைத் தலைவராக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தால் மற்றவர் ராஜினாமாவை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். போதுமடா சாமி என்று இருவரையும் விட்டுவிட்டு, வாயில்லாப் பூச்சியான எட்மண்டைத் தலைவராக்கி எல்லாக் கோப்புகளையும் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். எட்மண்ட் ஒரு காலத்தில் மண்புழுக்களைப் பற்றி அருமையாக ஆராய்ந்தவர். இப்போது மண்புழுவைப் பார்த்தால் அடையாளம் தெரியுமா என்பதே சந்தேகம்.

செபாஸ்டியனின் ஆராய்ச்சி, ஆவடிப் பக்கத்து ஏரிகளின் கொசுப் புழுக்களையும் அவற்றைத் தின்னும் மீன்களையும் பற்றியது. மீனுக்காக ஜானகிராமனை வழிகாட்டியாகக் கொண்டார். கொசுவைக் கேள்வி கேட்க ஆள் வேண்டுமென்றால் இந்தப் பக்கம் சண்முகசுந்தரத்தை விட்டால் நாதியில்லை.

தேதியைத் தள்ளிப் போடவும் வழியில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை கெடு வாங்கியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் இருவர் கையெழுத்தோடும் அறிக்கை பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போகாவிட்டால் எட்டு வருஷ உழைப்பும் ஏரித் தண்ணீரோடு போச்சு. அவர் வேலை பார்க்கும் வேலப்பன்சாவடிக் கல்லூரியில் வேறு, டாக்டர் பட்டம் இல்லாதவர்களுக்கு ஜூன் மாதத்திலிருந்து இடமில்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

"போய்க் கால்ல விழுங்க," என்றாள் தெரசா.

"யார் கால்ல?"

"ரெண்டு பேர் கால்லயும்தான். தனித்தனியா விழுங்க."

ஜானகிராமன் வீடும் அம்பத்தூரில்தான். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் கோணியது.

"அந்த ஆள் உட்கார்ந்த ரூம்ல நான் உட்கார மாட்டேன்னு உனக்குத் தெரியாதாப்பா?"

"ஒரே ரூம் இல்ல சார்," என்று செபாஸ்டியன் வாய்க்கு வந்ததைச் சொன்னார். "ரெண்டு ரூம்."

ஜானகிராமன் யோசித்தார். "நடுவுல சுவர் இருக்குமா?"

"கெட்டிச் சுவர் சார்."

அங்கிருந்து செபாஸ்டியன் பஸ் மாறி மாறி ஐயப்பன்தாங்கலில் சண்முகசுந்தரம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் ஜானகிராமனைவிட ஒரு படி மேலே போனார்.

"அவர் விட்ட மூச்சுக்காத்துகூட என் பக்கம் வரக் கூடாது."

"வராது சார். ஜன்னலைச் சாத்திடறேன்."

மாணவர் வேலைநிறுத்தத்தால் பல்கலைக்கழகத்தில் அலுவலகம் தவிர எல்லா அறைகளும் மூடிக் கிடந்ததால், வைவா என்ற அந்த வாய்மொழித் தேர்வை செபாஸ்டியனின் கல்லூரியிலேயே வைத்துக்கொள்ள எட்மண்ட் அனுமதி தந்திருந்தார். ஆய்வுக்கூடம் சண்முகசுந்தரத்துக்கு. பக்கத்தில், புட்டிகளில் பாம்பும் தேளும் ஊறிக்கொண்டிருக்கும் அறை ஜானகிராமனுக்கு. வாடகைக் கார் ஓட்டும் துலுக்கானத்தின் அம்பாசடரைப் பேசி, இரண்டு நடையாக இருவரையும் அழைத்து வந்தாயிற்று. தேர்வுக்குத் தலைமை தாங்க வேண்டிய எட்மண்ட் பஸ்ஸில் வந்து, இரண்டு அறைக்கும் பொதுவான தாழ்வாரத்து பெஞ்சில் கோப்பு மூட்டையை அவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீ பாட்டுக்கு நடத்துப்பா. என்னைக் கூப்பிடாதே," என்றார் தலை நிமிராமல்.

முதல் அரைமணி நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. செபாஸ்டியன் இந்த அறையில் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னார், அந்த அறையில் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னார். பிறகு சண்முகசுந்தரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த மூணாம் அத்தியாயம் மீனைப் பத்தினதுதானே? உன் வழிகாட்டிகிட்ட சொல்லு. இதை அந்த மீனே எழுதியிருந்தாக்கூட இன்னும் நல்லா எழுதியிருக்கும்னு சொல்லு."

இதை எப்படிப் போய்ச் சொல்வது? செபாஸ்டியன் சின்ன வயதில் மாதா கோயிலில் பூசைக்கு உதவிய பிள்ளை. தாழ்வாரத்தைக் கடப்பதற்குள் அந்த வார்த்தைகளைக் கழுவிச் சுத்தமாக்கிவிட்டார்.

"மூணாம் அத்தியாயம் ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னார் சார்."

ஜானகிராமன் பேனாவைக் கீழே வைத்தார். "யார் சொன்னது?"

"சண்முகசுந்தரம் சார்தான்."

"அவன் பாராட்டினானா? என் விஷயத்தையா?" ஜானகிராமனின் நெற்றி சுருங்கியது. "அவன் நல்லா இருக்குன்னு சொன்னா அதுல எங்கியோ பெரிய ஓட்டை இருக்குன்னு அர்த்தம். எடு மூணாம் அத்தியாயத்தை. முதல் வரியிலேர்ந்து பார்க்கணும். அது வரைக்கும் கையெழுத்துப் பேச்சே கிடையாது."

மூன்றாம் அத்தியாயம் அறுபது பக்கம். செபாஸ்டியன் உடனே பல்டி அடித்தார்.

"சார், நான் தப்பாச் சொல்லிட்டேன். உண்மையில அவர் திட்டினார் சார்."

"அப்படியா?" ஜானகிராமன் கொஞ்சம் தெளிந்தார். "என்ன சொல்லித் திட்டினான்?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். பதற்றத்தில் அது மறந்துபோய், செபாஸ்டியன் சொந்தமாக ஒன்றைத் தயாரித்தார். "உங்க பேர்ல இருக்கிற மீன் வறுத்துச் சாப்பிடக்கூட லாயக்கில்லைன்னு..."

"அதானே பார்த்தேன்!" ஜானகிராமன் முகம் மலர்ந்தது. அத்தியாயத்தைப் பட்டென்று மூடினார். "போய்ச் சொல்லு. அவன் பேர்ல இருக்கிற கொசுவை அடிச்சா, அடிச்ச கைக்குத்தான் அவமானம்னு சொல்லு. ஒரு எழுத்து மாத்தாமச் சொல்லணும்."

கழுவியதால் வந்த வினையைக் கண்ணால் பார்த்தாயிற்று. ஆகவே இம்முறை செபாஸ்டியன் ஒரு எழுத்தும் மாற்றாமல் போய்ச் சொன்னார்.

சண்முகசுந்தரம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். "என் கொசுவையா சொன்னார்? நான் மூணாம் அத்தியாயத்தைச் சொன்னேன். அவர் எதுக்குக் கொசுவுக்குப் போறார்?"

"அது... நடுவுல மீன் வந்துடுச்சு சார்."

"எந்த மீன்?"

செபாஸ்டியன் ஆய்வேட்டை அவர் முன்னால் நகர்த்தி வைத்தார். சண்முகசுந்தரம் உட்கார்ந்து, ஆய்வேட்டின் கடைசியிலிருந்த அட்டவணைகளைப் பிரித்தார். கொசுவுக்கு மரியாதை தெரியாத இடத்திலிருந்து வந்த கணக்கை நம்ப முடியாது, ஒவ்வொன்றையும் தன் கண் முன்னால் மறுபடி போட்டுக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். செபாஸ்டியன் கூட்டினார், பெருக்கினார், வகுத்தார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது ஓர் இடத்தில் உட்கார்ந்து வாங்கிக்கொள்ளும், இவர் நடந்து நடந்து போய் வாங்கிக்கொண்டிருந்தார். பூந்தமல்லியிலிருந்து வரவழைத்த பிரியாணியை இரண்டு அறைகளிலும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். செபாஸ்டியனுக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

ஒருவழியாகக் கணக்கெல்லாம் சரியென்று ஆனபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. அறிக்கைத் தாளை எடுத்துக்கொண்டு ஜானகிராமனிடம் ஓடினார்.

"அவன் போட்டுட்டானா?"

"இல்ல சார். முதல் கையெழுத்து உங்களோடதுதான்."

"முதல்ல நான் போட்டா, நான் சரின்னு சொன்னதுக்கு அப்புறம் அவன் பெரிய மனசு பண்ணி ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அவன் போடட்டும்."

இந்தப் பக்கம் வந்தார்.

"மேல இடம் காலியா இருக்கே, அது யாருக்கு?" என்றார் சண்முகசுந்தரம்.

"வழிகாட்டிக்கு சார். நீங்க கீழ..."

"அவருக்குக் கீழயா? நானா?"

தாளைக் குறுக்காகத் திருப்பி, மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல் பக்கத்துப் பக்கத்தில் போடலாமே என்றார் செபாஸ்டியன். அப்படியானால் இடப் பக்கம் யாருக்கு என்று இரண்டு அறைகளிலிருந்தும் ஒரே கேள்வி வந்தது.

தாழ்வாரத்தில் எட்மண்ட் கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தார். "அடுத்த பஸ்ஸை விட்டா அஞ்சு மணிக்குள்ள ஆபீஸ் போக முடியாதுப்பா. நாளைக்கு வேற எனக்கு நாலு கமிட்டி. என்ன பண்ணலாம் சொல்லு," என்றார் பரிதாபமாக.

செபாஸ்டியனுக்குப் பொறுமை அப்போதுதான் உடைந்தது. இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நின்றார். தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"சார், ரெண்டு பேரும் கேளுங்க!" குரல் அவரையும் மீறி உயர்ந்தது. "காலையிலேர்ந்து உங்க ரெண்டு பேர்கிட்டயும் பொய் சொன்னேன். அவர் சொன்னதை மாத்திச் சொன்னேன். சொல்லாததைச் சொன்னதாச் சொன்னேன். மன்னிச்சிடுங்க. எட்டு வருஷமா பருத்திப்பட்டு ஏரியில இடுப்பளவு தண்ணியில நின்னு புழு பொறுக்கியிருக்கேன் சார். என் ரத்தம் குடிக்காத கொசு ஆவடியில இல்ல. என் பொண்டாட்டி ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் டியூஷன் எடுத்து என்னை ஓட்டிட்டு வரா. இன்னைக்கு அவ மாதா கோயில்ல உட்கார்ந்திருக்கா. நீங்க பெரியவங்க. உங்க சண்டை உங்களோட இருக்கட்டும். என்னை மட்டும் விட்டுடுங்க சார்!"

சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. பெஞ்சில் எட்மண்டும் மூக்கை உறிஞ்சினார்.

பிறகு புட்டி அறைக் கதவிடுக்கில் ஜானகிராமனின் கை நீண்டது. தாளை வாங்கிப் போன வேகத்தில் கையெழுத்தோடு திரும்பி வந்தது. சண்முகசுந்தரமும் மூச்சுக் காட்டாமல் போட்டுக் கொடுத்தார். எந்த இடத்தில் போடுகிறோம் என்று இருவருமே பார்க்கவில்லை. எட்மண்ட் மூன்றாவதாகப் போட்டுவிட்டு, தாளும் கோப்பு மூட்டையுமாக பஸ்ஸுக்கு ஓடினார்.

பேராசிரியர்கள் வந்தது போலவே கிளம்பினார்கள். ஜானகிராமன் முன்வாசல் வழியாகக் காரில் ஏறினார். அந்த ஆள் போன கார் திரும்பி வரும்வரை இந்தக் கட்டடத்தில் இருக்க முடியாது, ரோட்டோரம் நிற்கிறேன் என்று சண்முகசுந்தரம் பின்வாசல் வழியாக நடந்துவிட்டார்.

செபாஸ்டியன் எதிர்க் கடையிலிருந்து பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போன் போட்டு, எட்மண்ட் நேரத்துக்குள் தாளைச் சேர்த்துவிட்டார் என்று தெரிந்துகொண்டார். எட்டு வருஷத்துக்குப் பிறகு நெஞ்சு லேசாயிற்று. டாக்டர் செபாஸ்டியன் என்று ஒரு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அப்போது துலுக்கானத்தின் கார் வந்து நின்றது.

"என்ன துலுக்கானம், ரெண்டாவது சாரையும் விட்டாச்சா?"

"ரெண்டாவது நடையே இல்ல சார். ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் இட்டுகினு போனேன்."

"ஒரே வண்டியிலயா!"

"ஆமா சார். முக்கு திரும்பனதும் நிறுத்துப்பான்னாரு அம்பத்தூர் சாரு. ரோட்டாண்ட அந்தக் கொசு சாரு நின்னுகினு இருந்தாரு. இவுருதான் கதவத் தொறந்து வுட்டாரு. ரெண்டு பேரும் ஐயப்பன்தாங்கல் ஊட்டாண்டயே எறங்கி, தோள் மேல கை போட்டுகினு உள்ள போனாங்கோ."

செபாஸ்டியனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெரிய பெரிய துணைவேந்தர்களால் முடியாத காரியம். பதினோரு வருஷப் பகையைத் தன் கண்ணீர் கரைத்துவிட்டதே என்று நினைக்க நினைக்க அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"அப்போ நான் பேசினதைக் கேட்டு ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டாங்கன்னு சொல்லு!"

துலுக்கானம் தலையைச் சொறிந்தான். "அது இன்னாமோ சார், எனக்குத் தெரியாது. 'இனிமே அவனும் டாக்டரு. கமிட்டி, மீட்டிங்குன்னு இஸ்துகினு போய் எட்மண்டு மாரி ஆக்கிடுவானுங்கோ. எங்கள மாரி நாளிக்கே நல்ல சிநேகிதனா ஒருத்தனப் பாத்து சண்ட போட்டுக்கச் சொல்லு'ன்னு ரெண்டு பேரும் உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்கோ."