முக்கூடல் புதரில் நூற்றுப் பன்னிரண்டு வகை

முக்கூடல்

அன்பு மகள் ரைஹானத்துக்கு, வாப்பா முகம்மது மைதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் உம்மாவும் நலம். ஜெர்மனிக் குளிரில் நீயும் நலமாக இருக்க துஆ செய்கிறோம். உன் பேராசிரியர் நலமா என்று இந்த முறை கேட்கப்போவதில்லை.

அவர் என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்? அங்கே நாற்பது புதரில் முப்பத்தெட்டு வகைப் பூச்சியும் சிலந்தியும்தானாம். இங்கே உன் ஆய்வுக்காக நாற்பது புதரில் எண்ணி நூற்றுப் பன்னிரண்டு வகை என்று நான் எழுதினால், "உன் தந்தை கூடுதலாகப் போட்டிருப்பார், மறுபடி எண்ணாவிட்டால் முக்கூடலை ஆய்விலிருந்தே எடுத்துவிடு" என்பாராம்! முப்பது வருஷம் ஜவுளிக்கடையில் துணி கிழித்தவன் நான். ஒரு விரற்கடை கூடவோ குறையவோ அளந்ததில்லை. குளிரில் நாலு பூச்சி பிழைத்துக் கிடக்கிற ஊர்க்காரர், தாமிரபரணித் தண்ணீர் குடிக்கிற புதரைப் பற்றி என்ன கண்டார்?

நான் பட்ட பாடு அவருக்குத் தெரியுமா? புதருக்கு அடியில் வெள்ளைத்துணி விரித்து, கம்பால் பத்து அடி அடித்து, விழுவதைப் பொறுக்கச் சொன்னாய். துணி வாங்கப் போனால் கடையில் சுடலைராஜ், "யாரு அண்ணாச்சி தவறிட்டாவ?" என்கிறான். "யாருமில்ல லே, பூச்சிக்கு" என்றேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று அவன் நம் வீட்டுக்குப் போன் போட, நான் வருமுன்னே தெருவே வாசலில் கூடி, உன் உம்மா அழுது, எனக்கு ஓதிப்பார்க்க ஆளும் வந்தாயிற்று. மறுநாள் வாய்க்கால் கரையில் முதல் அடிக்கே முசுறு எறும்பு சட்டைக்குள் கொட்டிக் கடித்துப் பிடுங்குகிறது, எதிர் வயல் அருணாசலம் நின்று கேட்கிறார்: "ஏன்வே செடியப் போட்டு அடிக்கீரு?" "எம்மவ படிப்புக்குவே." "படிக்கது அவ, அடி வாங்குதது செடியா?" இப்படி மானம் போக நின்று எண்ணியதைப் பொய் என்றால் வயிறு எரியாதா? மறுபடி எண்ண மாட்டேன். வேண்டுமானால் அவரே வந்து சட்டையைக் கழற்றிவிட்டுப் புதரடியில் உட்காரட்டும்.

அல்லாஹ் உனக்கு அறிவையும் உன் பேராசிரியருக்கு நல்ல புத்தியையும் தருவானாக. தெருவில் எல்லோரும் ஸலாம் சொன்னார்கள். அருணாசலம் செடியை விசாரித்தார்.

வாப்பா

பின்குறிப்பு: நூற்றுப் பன்னிரண்டு பொய்தான். விழுந்தது நூற்று அறுபத்தேழு வகை. "வெள்ளக்காரன் முன்னால நம்ம ஊரு இம்புட்டு அழுக்கான்னு ஆயிரும், கொஞ்சத்த மறைச்சிருங்க" என்றாள் உன் உம்மா. எனக்கும் அதுவே சரியென்று பட்டது. மறைத்த ஐம்பத்தைந்தும் ஸ்பிரிட் ஊற்றிய ஊறுகாய்ப் பாட்டிலில் பத்திரமாக இருக்கின்றன. இன்றே அனுப்புகிறேன், ஆய்வில் சேர்த்துக்கொள். அந்த விரற்கடை விஷயத்தை மட்டும் அவரிடம் வாசித்துக் காட்டாதே.