இருநூற்று ஒன்றாம் படி

"1-1-1976, வியாழன். காலை 5.40. ஏறிய படி: 1. இறங்கிய படி: 1. மூச்சிரைப்பு: இல்லை. முதுகு: வலி. பார்த்தவர்கள்: பூக்காரம்மா ஒருவர்."

என் நீல அட்டை நோட்டின் முதல் குறிப்பு இது. கையெழுத்து என்னுடையதுதான், மறுக்க வழியில்லை. திருத்தணி மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படிகள். அதில் ஒரே ஒரு படி ஏறி, நின்று, நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதே படியில் இறங்கி வீட்டுக்குப் போனவன் நான். அப்படிப் போனதில் அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. தொழில், பத்திரம் எழுதுவது. சாய்வுமேசைக்கு முன்னால் காலை மடக்கி உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுவேன். உட்கார்ந்த இடத்துக்கே காபி வரும், போண்டா வரும். இப்படி எட்டு வருடம். ரயில் நிலையத்தில் காசு போட்டால் எடை காட்டும் இயந்திரம் ஒன்று இருந்தது. நான் ஏறி நின்றபோது அது சற்று யோசித்துவிட்டு, 93 கிலோ என்று அட்டை துப்பியது. அட்டையின் பின்பக்கம், 'நீங்கள் மேலும் வளர்வீர்கள்' என்றிருந்தது. (வயிற்றெரிச்சல். அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன்.)

எடையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முதுகுதான் எதிரி. மூன்று வருடமாக இடுப்புக்கு மேலே, இடதுபக்கம், ஒரு ஆணி. குனிந்தால் நிமிர வராது, நிமிர்ந்தால் குனிய வராது. அரக்கோணத்தில் ஒரு டாக்டர் என்னைப் படுக்கவைத்து, புரட்டி, அழுத்திப் பார்த்தார். இது உட்கார்ந்து வாங்கின வியாதி, நடந்துதான் போக்கணும் என்றார். ஆனால் எடுத்த எடுப்பில் ஓடக்கூடாது. இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம். பாரம் தூக்கவே கூடாது.

அந்த வாரம் டிசம்பர் 31. ஒவ்வொரு படிக்கும் கற்பூரம் காட்டிப் பாடிக்கொண்டே ஏறும் படித்திருவிழா. படிக்கு ஒரு நாள், வருடத்துக்கு ஒரு மலை என்று பெரியவர் ஒருவர் கூட்டத்தில் சொல்லிக்கொண்டு போனார். எனக்குப் பொறி தட்டியது. ஜனவரி ஒன்று, ஒரு படி. இரண்டு, இரண்டு படி. டிசம்பர் கடைசியில் மலையுச்சி. இதைவிட மெதுவான தேகப்பயிற்சியை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஒரே ஒரு சிக்கல்: 1976 லீப் வருடம். நாள் முந்நூற்று அறுபத்தாறு, படி ஒன்று குறைவு. ஜனவரி இரண்டாம் தேதி தொடங்கி இரண்டு மாதம் இதை நினைத்துத் தூக்கம் கெட்டேன். கடைசியில் பிப்ரவரி 29 விடுமுறை என்று தீர்மானித்து, அன்று அடிவாரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

நான் யோசிக்காத விஷயம் வேறு ஒன்று. எங்கள் ஊரில் மலைப்படியில் கால் வைத்தவன் சாமியைப் பார்க்காமல் இறங்க மாட்டான். மழை, இடி, பிரசவ வலி எது வந்தாலும் மேலே போய்விட்டுத்தான் வருவான். நானோ தினமும் கால் வைக்கிறேன், தினமும் பாதியில் திரும்புகிறேன். முதலில் கேட்டது பூக்காரம்மா.

"இன்னா தம்பி, டெய்லி வர்ற, டெய்லி முருகனுக்கு முதுகைக் காட்டிட்டுப் போற. அவருகூட எதுனா சண்டையா?"

"வேண்டுதல்" என்றேன்.

அந்த ஒரு சொல்தான் என்னைக் கெடுத்தது. உடம்பு சரியில்லை, அதனால் நடக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய ஐப்பசியில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். பாயில் உட்காரவைத்தார்கள். எழுந்திருக்கும்போது நான் மூன்று தவணையில் எழுந்தேன்: முதலில் கை, பிறகு முட்டி, கடைசியாகக் கூட வந்திருந்த என் மாமாவின் தோள். பையனுக்குச் சொன்ன வயசைவிட அதிகமா இருக்கும்போல என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். என்னைவிட என் மாமாவுக்குத்தான் அவமானம். இடுப்பு வலி என்கிற பேச்சே உன் வாயிலிருந்து வரக்கூடாது, கல்யாண வயசில் இருக்கிற ஆம்பளைக்கு இடுப்பு வலின்னா ஊர் என்னென்னவோ பேசும் என்று எச்சரித்திருந்தார்.

மார்ச் மாதம் அடுத்த வரன் வந்தது. ஆர்.கே.பேட்டையில் நெசவுக்காரர் எல்லப்பன், அவருடைய ஒரே பெண் சரசு. அங்கே நாற்காலி போட்டார்கள், தப்பித்தேன். சரசு காபி கொடுத்தபோது நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்ததையும் பார்த்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அவளை இழந்துவிடுவேனோ என்கிற பயமும் அந்த நிமிடமே பிடித்துக்கொண்டது. ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

"12-4-1976, திங்கள். படி 102. இறங்கும்போது கீழே எல்லப்பன். வியர்வை: மிக அதிகம் (ஏறியதால் அல்ல)."

நூல் வாங்க டவுன் பஸ்ஸில் வந்தவர், சாமி கும்பிட்டுவிட்டுப் போகலாமென்று வந்திருக்கிறார். ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். பேசாதவர்களைக் கண்டால் எனக்கு நடுக்கம். அவர் என்னைப் பார்த்தார், நான் இறங்கிவந்த படிகளைப் பார்த்தார், மறுபடி என் இடுப்பை, அதைப் பிடித்துக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தார். நான் கேட்காமலே வேண்டுதல் என்றேன். பூக்காரம்மா தன் பங்குக்கு, வருஷம் பொறந்ததுல இருந்து ஏறிகினு இருக்காரு, ரொம்பப் பெரிய வேண்டுதல் என்று சான்று கொடுத்தாள்.

எல்லப்பன் மலையுச்சியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "வேண்டுதலுன்னா காவடி எடுத்து முடிச்சிடுங்க மாப்ளே. கல்யாணத்துக்கு முன்னாடி கடன் வெச்சிக்கக் கூடாது. ஆடிக் கிருத்திகைக்கு நானே காவடி கட்டித் தர்றேன்" என்றார்.

ஆங், என்றேன். வேறென்ன சொல்வது?

அன்றிலிருந்து ஆடி வரை நான் பட்ட பாட்டை நோட்டில் 'கவலை' என்று தனிப் பத்தி போட்டு எழுதியிருக்கிறேன். ஆடிக் கிருத்திகை அந்த வருடம் ஜூலையிலேயே வந்துவிட்டது. முந்தைய நாள் நான் ஏறியிருந்த படிகள் இருநூறு. மலையில் மீதம் நூற்று அறுபத்தைந்து. அந்த நூற்று அறுபத்தைந்தையும் என் கால்கள் பார்த்ததே இல்லை. அதற்கு மேல், தோளில் பாரம். டாக்டர் கூடாது என்று சொன்னவை அனைத்தும் ஒரே காலையில்.

எல்லப்பன் காவடியோடு வந்து இறங்கினார். மனிதர் கைதேர்ந்தவர். மூங்கில் வளைவு முழுக்கச் சம்பங்கி, செவ்வரளி, சாமந்தி, பந்துபந்தாக. எடை எத்தனை என்று கேட்க நாக்கு வரை வந்ததை விழுங்கினேன். மஞ்சள் வேட்டி, மார்பில் சந்தனம். பம்பைக்காரர்கள் முன்னே. பின்னால் என் மாமா, எல்லப்பன், இரண்டு வீட்டுப் பெண்கள், அவர்களோடு சரசு. சுற்றிலும் ஆயிரக்கணக்கான காவடிகள், அரோகரா.

ஏறினேன். ஐம்பது, நூறு, நூற்றைம்பது. ஆச்சரியமாக ஒன்றும் ஆகவில்லை. ஏழு மாதம் வீண்போகவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு சின்னத் திமிர்கூட வந்தது. நூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஒன்பது. இருநூறு. இருநூற்று ஒன்றுக்குக் காலைத் தூக்கினேன்.

ஆணி இறங்கியது.

கால் மேற்படியில், உடம்பு கீழ்ப்படியில், முதுகு நடுவில் மடங்கி, தோளில் காவடி. நிமிர முடியவில்லை, குனிய முடியவில்லை, காவடியை இறக்க முடியவில்லை. கண்ணில் நீர், உடம்பெல்லாம் வியர்வை, தொடையிரண்டும் கிடுகிடுவென்று ஆடின. வாயிலிருந்து 'ஹூம்ம்ம்' என்று ஒரு சத்தம் தானாக வந்தது.

"சாமி வந்துட்ச்சி" என்று யாரோ சொன்னார்கள்.

பம்பை வேகம் பிடித்தது. நெற்றியில் ஒரு கை திருநீறு அப்பியது, அதில் பாதி மூக்கில் போயிற்று. தும்மினேன். தும்மலில் முதுகு இன்னொரு முறை வெட்டியது. மறுபடியும் 'ஹூம்ம்ம்'. அரோகரா என்று மலை அதிர்ந்தது. கற்பூரத் தட்டோடு கூட்டம் என்னைச் சுற்றி நின்றுவிட்டது.

முதலில் வந்தவர் தலைப்பாகைக்காரர் ஒருவர். சாமி, என் மாடு நாலு நாளாக் காணோம், எந்தப் பக்கம் போச்சு என்று கேட்டார். இந்தக் காவடியை யாராவது வாங்குங்கள் என்று காட்டத்தான் இடதுகையை நீட்டினேன். கை இருந்த திசை மேற்கு. அவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேற்கே ஓடினார். அடுத்து ஒரு அம்மாள், பிள்ளைக்கு வேலை எப்போது கிடைக்கும் என்று. பதில் சொல்ல மூச்சு இல்லை. மௌனத்தை நல்ல குறி என்று எடுத்துக்கொண்டு போனாள்.

பிறகு கூட்டம் விலகி வழிவிட்டது. எல்லப்பன் வந்தார். கையில் எரிகிற கற்பூரம். பம்பையை நிறுத்தச் சொன்னார். குனிந்திருந்த என் முகத்துக்கு நேராகத் தன் முகம் வருகிற மாதிரி மேற்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"சாமி, ஒரே பொண்ணை இந்தப் பையனுக்குக் குடுக்கப் போறேன். இவன்கிட்ட எதுனா குறை இருக்குதா? மறைக்காம சொல்லு."

என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான அரை நிமிடம் கிடையாது. 'குறையில்லை, கொடு' என்று இரண்டு சொல்லை உறுமினால் போதும், கல்யாணம் நிச்சயம். பக்கத்தில் வந்து நின்ற மாமாவின் கண்கள் அதைத்தான் கெஞ்சின. உண்மையைச் சொன்னால் சரசு இல்லை. ஆனால் இருப்பது முருகன் மலை. அவர் பெயரில் பத்திரம் எழுதி அவர் கையெழுத்தையும் நானே போடுவதா? எட்டு வருடப் பத்திர எழுத்தன். அந்த ஒன்றை மட்டும் நான் செய்ததில்லை.

"சாமி வரலீங்க" என்றேன். "முதுகு வலி. மூணு வருஷமா இருக்குது. வேண்டுதலும் கிடையாது. டாக்டர் நடக்கச் சொன்னாரு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. மாமா கண்ணை மூடிக்கொண்டார். கற்பூரம் அணைந்தது. அப்போதுதான் பின்னாலிருந்து சரசுவின் குரலை முதல்முறையாக நன்றாகக் கேட்டேன்.

"இதுக்குப் போயா நைனா பம்பையெல்லாம் அடிச்சிகினு இருக்காங்க? நம்ம தெருவுல பொழுதானா முதுகைப் பிடிச்சிகினு தறிக்குழியில இருந்து ஏறி வர்றவங்களைப் பார்த்தா, டெய்லி ஆடிக் கிருத்திகைதான்."

எல்லப்பன் சிரிக்கவில்லை. எழுந்து, தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து நான்கு முழக் காடாத் துணி ஒன்றை எடுத்தார். என் தோளிலிருந்து காவடியை மாமா வாங்கிக்கொண்டார். துணியை என் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, தன் முழங்காலை என் விலாவில் முட்டுக் கொடுத்து ஒரு இழு இழுத்து முடிந்தார். தறிக்காரர்கள் கட்டுகிற கட்டு. என்னைப் படியில் மல்லாத்தி, கால்களை மேற்படியில் மடக்கி வைக்கச் சொன்னார். பிறகு காவடியைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு, சாமிக்குன்னு கட்டினதைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிட்டு மீதிப் படிகளை ஏறினார். அவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. நான் வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தேன். பக்தர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். இரண்டு பேர் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மணவறையில் எனக்கு மட்டும் மணைக்கட்டைக்குப் பதில் ஸ்டூல். 1977 ஜனவரி ஒன்றாம் தேதி மறுபடியும் ஒன்றாம் படியிலிருந்து தொடங்கினேன். கூட வந்த சரசு விறுவிறுவென்று உச்சிவரை போய், சாமி பார்த்து, குங்குமத்தோடு இறங்கி வந்தபோது, நான் அடிவாரத்தில் உட்கார்ந்து நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் டிசம்பர் 31 அன்று, முந்நூற்று அறுபத்தைந்தும் ஏறி முருகனைப் பார்த்தேன். எடை 78. முதுகு: பரவாயில்லை.

ஆனாலும் எங்கள் வீட்டில் எனக்கு விமோசனம் கிடையாது. நாற்காலியிலிருந்து எழும்போது தவறிப்போய் 'ஹூம்' என்று ஒரு சத்தம் வந்தால் போதும், சரசு கற்பூரம் ஏற்ற அடுப்படியிலிருந்து தீப்பெட்டியை ஆட்டிக்கொண்டு வருவாள். பேரப்பிள்ளைகள் வரிசையில் நின்று, "சாமி, மாடு எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். நானும் மேற்கே கையைக் காட்டுவேன். காட்டாவிட்டால் விடமாட்டார்கள்.

ஒரு விஷயம் மட்டும் நோட்டில் காலியாகவே கிடக்கிறது. காவடி கட்டிக்கொண்டு வந்த மனிதர் பையில் தேங்காய், கற்பூரம், பழம் வைத்திருப்பது சரி. இடுப்புக்கட்டுத் துணியை எதற்காகக் கொண்டுவந்தார்? நாற்பது வருடம் தறிக்குழியில் உட்கார்ந்தவர், ஏப்ரலில் என் இடுப்பையும் அதிலிருந்த கையையும் பார்த்தவர். 'மறைக்காம சொல்லு' என்று அவர் கேட்டது முருகனிடமா, என்னிடமா? நைனா எங்க போனாலும் பையில ஒண்ணு வெச்சிருப்பாரு என்கிறாள் சரசு. இருக்கலாம். 1983இல் அவர் காலமாகும்வரை நான் நேரில் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை. ஆகவே அந்த இடத்தில் இன்றைய தேதிவரை இப்படித்தான் எழுதிவைத்திருக்கிறேன்: "சரிபார்க்கப்படவில்லை."