தகடு போட்ட வான்

சூறாவளி அடித்த மறு வருடம் கட்டைபறிச்சானில் ஓர் அதிசயம் தொடங்கியது. சனிக்கிழமை விடிந்தால் போதும், சந்தியிலிருந்து வயல் ஓரம் வரைக்கும் வாகனங்கள் வரிசை கட்டி நின்றன. லொறி, டிராக்டர், கார், வான், போதாக்குறைக்கு மாட்டு வண்டில்கள் வேறு. சிலர் திருகோணமலைப் பட்டினத்திலிருந்து, வாகனங்களை ஆற்றுக்கு அக்கரை சேர்க்கும் மிதவைப் பாதைகளில் ஏறி இறங்கி, துறைக்குத் துறை காத்துக் கிடந்து வந்தவர்கள். எதற்கு? றோட்டைத் திருத்தித் தரச் சொல்லி மனுக் கொடுக்கவா? சேச்சே, அப்படிப்பட்ட கெட்ட எண்ணமெல்லாம் நம்முடைய சனத்துக்கு வராது. தகட்டுச் சாமியாரைத் தரிசிக்க வந்தார்கள்.

அந்தக் காலத்தில் மூதூர்ப் பக்கத்து றோட்டுகளில், றோட்டு என்று அடையாளம் சொல்ல மிஞ்சியிருந்தது ஓரத்து மைல்கல் மட்டும்தான். மற்றதையெல்லாம் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. குழிக்குள் விழுந்து எழும்பும் வண்டியில் முதலில் முறிவது ஸ்பிரிங் தகடு. சில்லின் அச்சுக்கு மேலே இரும்புப் பட்டைகளை வில்லுப்போல வளைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்களே, அதுதான். பட்டினத்தில் ஓர்ஸ் ஹில் அடியில் கராஜ் வைத்திருந்த குணரத்தினம், வந்த சாரதிகளுக்கெல்லாம் ஒரே வைத்தியம்தான் சொன்னார்: "தகடு கூட்டிப் போடு, முறியாது."

ஒரு லொறிக்காரர் இந்தச் சொல்லைக் கட்டைபறிச்சான் தேத்தண்ணிக் கடையில் வந்து உதிர்த்தார். "தகடு போட்டால் வண்டி தப்பும் எண்டு பட்டினத்தில சொல்லுறாங்கள்." கடை வாங்கில் பாக்கியரத்தினம் என்ற ஒருவர் சும்மா குந்தியிருந்தார். வெள்ளைக்காரனின் கடற்படைத் தளத்தில் தேத்தண்ணி ஊற்றியவர். தளம் போனதோடு வேலையும் போய், அன்றிலிருந்து இருந்த வாங்கைவிட்டு எழும்பாதவர். தகடு என்றதும் அவருக்கு இரும்பு நினைவு வரவில்லை. மந்திரம் எழுதிச் சுருட்டி வீட்டு நிலையில் கட்டுகிற செப்புத் தகடுதான் நினைவு வந்தது. அன்றைக்குத்தான் அவர் வாங்கைவிட்டு எழும்பினார். அடுத்த கிழமை தாடி வளர்ந்தது. அதற்கடுத்த கிழமை சாமி பிறந்தார்.

சாமி சும்மா தகடு கட்டிவிடமாட்டார். கண்முன்னே காட்டித்தான் கட்டுவார். வண்டிக்காரர் வீட்டுச் சனத்தோடு வரவேண்டும். "எல்லாரும் ஏறுங்கோ! குடும்பத்தின்ர தோஷம் முழுக்க வண்டியில இறங்கவேணும்!" பெரியம்மா, சின்னம்மா, மாமா, மச்சான், ஏறுகிற அத்தனை பேரும் ஏறுவார்கள். வண்டியின் பின்பக்கம் பதியும். பம்பருக்குப் பக்கத்தில் சாமி ஒரு வேப்பங்குச்சியை நட்டு, பம்பர் நிற்கும் உயரத்தில் மஞ்சள் நூல் கட்டுவார். பிறகு அடியில் புகுந்து, சிவப்புத் துணியில் சுற்றிய செப்புத் தகட்டை அச்சில் கட்டுவார். மந்திரம் நடக்கும். கர்ப்பூரம் எரியும். கடைசியில் ஒரு கூச்சல்: "இறங்கி வண்டியைச் சுத்தி வலம் வாங்கோ!"

வலம் முடிந்ததும் சாமி குச்சியைக் காட்டுவார். பம்பர் நூலைவிட நாலு விரல் உயர்ந்து நிற்கும்!

"வண்டி நிமிர்ந்திட்டுது! அரோகரா!"

கூட்டம் நெடுஞ்சாண்கிடையாக விழும். காணிக்கை காசு இல்லை. சாமி காசைக் கையால் தொடமாட்டார். விளக்குக்கு என்று பெற்றோல் மட்டும் ஊற்றிவிட்டுப் போகவேண்டும். பெற்றோலில் எரிகிற விளக்கை நான் எங்கும் கண்டதில்லை. சாமியிடம் ஒரு பழைய மொறிஸ் கார் இருந்ததை மட்டும் கண்டிருக்கிறேன்.

இனி நம்முடைய வானுக்கு வருவோம். மூதூர் ஸைனுலாப்தீனிடம் நாலு சில்லும் இழுக்கும் வான் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரன் போகும்போது ஏலத்தில் விட்டது. மழைக்காலத்தில் உட்கிராமங்களிலிருந்து நோயாளியை மூதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர அந்தப் பக்கத்தில் வேறு வாகனம் கிடையாது. சில்லு நாலும் இழுத்தன, சேறு அதற்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் குழியில் விழும்போது இழுவையால் என்ன செய்ய ஏலும்? தாங்கவேண்டியது தகடு.

கார்த்திகை மழையில் ஒரு நாள் அந்தத் தகடு தாங்கவில்லை. உள்ளே புஸ்பராணி என்ற பெண் பிரசவ வலியோடு கிடந்தாள். பக்கத்தில், ஊர் 'மிஸ்ஸி' என்று கூப்பிடும் அரசாங்க மருத்துவிச்சி பூரணி. பள்ளத்தில் வான் குத்தி, பின் தகடு முறிந்து, அச்சு சரிந்து, நடு றோட்டில் நின்றுவிட்டது. மாட்டு வண்டில் பிடித்து வருவதற்குள் பிள்ளை அங்கேயே பிறந்தது. பிள்ளை அழவில்லை. இதை எழுதும்போது எனக்குப் பகிடி வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஸைனுலாப்தீன் அன்றிரவு சாப்பிடவில்லை. அவருடைய மகள் லைலாவுக்கும் அப்போது மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. இருந்ததோ கட்டைபறிச்சானுக்கும் அப்பால், புருஷன் வீட்டில். ஆஸ்பத்திரிக்கு வர அதே றோட்டு, அதே பள்ளம், அதே வான்.

அவரை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் பூரணி வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொன்னாள். "நானா, வானுக்கு முறிஞ்சதை மாத்தினால் மட்டும் காணாது. தகடு கூட்டிப் போடவேணும். பின்னுக்கு ரெண்டு பக்கமும்."

"நாளைக்கே போடுறன் மிஸ்ஸி."

சொன்னதைச் செய்யும் மனிதர் அவர். முறிந்ததற்குப் பழைய தகடு ஒன்றைத் தேடிப் பூட்டிக்கொண்டு பட்டினத்துக்குப் புறப்பட்டார். வழியில் தேத்தண்ணிக் கடை. வழியில் தேத்தண்ணிக் கடை இல்லாதிருந்தால் இந்த நாடு எப்போதோ முன்னேறியிருக்கும்.

"எங்க நானா பயணம்?"

"வானுக்குத் தகடு போடவேணும்."

"தகட்டுக்கு ஏன் பட்டினம்? சாமி இந்தா கட்டைபறிச்சானிலதானே இருக்கிறார்!"

திங்கட்கிழமை அவர் பூரணியின் குவாட்டர்சுக்கு முன்னால் வானை நிறுத்தி, முகமெல்லாம் சிரிப்பாக ஹோன் அடித்தார்.

"மிஸ்ஸி, தகடு போட்டாச்சு!"

பூரணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து பார்த்தாள். அச்சில் சிவப்புத் துணிச் சுருள் ஒன்று கட்டியிருந்தது.

"நானா, இது என்ன?"

"தகடு."

"நான் சொன்னது இரும்புத் தகடு!"

"இது செம்பு, மிஸ்ஸி. இரும்பை விட விலை கூட."

"நீங்கள் அஞ்சு நேரம் தொழுகிற மனுசன். அந்த ஆளின்ர கர்ப்பூரத்துக்கு முன்னால போய் நிண்டனீங்களோ?"

"அல்லாஹ் அறிய நான் கும்பிடல்ல, மிஸ்ஸி," என்றார் ஸைனுலாப்தீன் அவசரமாக. "வான்தான் கும்பிட்டது."

பூரணிக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை. "இந்த வானிலதான் லைலாவைக் கொண்டு வரப் போறியள். பள்ளத்தில விழேக்க அந்தச் செம்புத் துண்டோ உங்கட பிள்ளையைத் தாங்கப் போகுது?"

"கண்ணால கண்டன் மிஸ்ஸி. வண்டி நாலு விரல் எழும்பினது."

"அப்ப எனக்கும் காட்டுங்கோ. சனிக்கிழமை நானும் வாறன்."

சனிக்கிழமை கூட்டம் நெரிந்தது. கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு லொறிக்குச் சடங்கு நடந்துகொண்டிருந்தது. குடும்பம் ஏறியது, நூல் கட்டப்பட்டது, தகடு புகுந்தது, கர்ப்பூரம் எரிந்தது, குடும்பம் இறங்கியது, வலம் முடிந்தது. "நிமிர்ந்திட்டுது!" என்று சாமி முழங்கினார். "அரோகரா!" என்று கூட்டம் முழங்கியது. லொறிக்கார முஸ்லிம் அண்ணன் மட்டும் வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினார். அல்லாஹ்விடம் அவருடைய கணக்கு சரி.

பூரணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தாள். "சாமி, குச்சியைப் பிடுங்காதேங்கோ. நூலும் அப்படியே இருக்கட்டும்." பிறகு லொறிக் குடும்பத்தைப் பார்த்தாள். "இறங்கின ஆக்கள் எல்லாரும் ஒருக்கால் திரும்ப ஏறுங்கோ பாப்பம்."

"ஏன் மிஸ்ஸி?"

"சும்மாதான். ஏறுங்கோ."

ஆஸ்பத்திரி மிஸ்ஸி சொன்னால் கேட்டுப் பழகிய சனம். பெரியம்மா ஏறினாள், வண்டி கொஞ்சம் பதிந்தது. மாமா ஏறினார், இன்னும் கொஞ்சம். தடித்த மச்சான் ஏறினார், சட்டென்று பதிந்தது. கடைசி ஆள் ஏறியபோது பம்பர் மஞ்சள் நூலுக்கு நேரே வந்து அசையாமல் நின்றது.

கூட்டம் எட்டி எட்டிக் குச்சியைப் பார்த்தது.

"இனி இறங்குங்கோ."

இறங்கினார்கள். வண்டி நாலு விரல் எழும்பியது. மந்திரம் இல்லை, கர்ப்பூரம் இல்லை, அரோகரா இல்லை.

"கண்டனீங்களோ?" என்றாள் பூரணி. "வண்டியில இருந்து இறங்கினது தோஷம் இல்லை. நீங்கள்தான்!"

முதலில் சிரித்தது தடித்த மச்சான். பிறகு எல்லாரும். சாமியும் லேசுப்பட்டவர் இல்லை. கண்ணை உருட்டி, கையை உயர்த்தினார். "நம்பிக்கை இல்லாத ஆள் நிண்டால் தகடு வேலை செய்யாது! இந்தப் பொம்பிளை நிக்கிற இடத்தில சக்தி நிக்காது!"

"அப்ப கஷ்டம்தான் சாமி," என்றாள் பூரணி. "இந்தப் பக்கத்தில நான் போகாத தெருவும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. உங்கட தகடு எங்க வேலை செய்யும்?"

இதற்கிடையில் ஸைனுலாப்தீனைக் காணவில்லை. எங்கே என்று பார்த்தால், மனிதர் சாமியின் மொறிஸ் காருக்கு அடியில் கிடந்தார். உடுத்த சாரம் சேற்றில் புரள, தலையை மட்டும் வெளியே நீட்டினார். நான் கண்ட முகங்களில் அவ்வளவு கோபமான முகம் வேறில்லை.

"டேய் பாக்கியம்!" சாமி அந்த நிமிடத்தில் மறுபடி பாக்கியமாகிவிட்டார். "உன்ட காருக்கு எங்க செம்புத் தகடு? புதுசா ரெண்டு இரும்புத் தகடு கூட்டிப் போட்டிரிக்கிறாய்! கறுப்புப் பெயின்ட் இன்னும் உரியல்ல!"

பின்னால் நின்ற லொறிச் சாரதி ஒருவருக்கும் இப்போதுதான் உறைத்தது. "ஓம் ஓம், போன மாசம் குணரத்தினத்தின்ர கராஜில இந்தக் காரைக் கண்டனான். ஆள் களிசான் போட்டு, தாடியைத் துவாயால மூடிக்கொண்டு நிண்டவர். பல்லுவலியாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

"அது... அது வேற தோஷம்," என்றார் சாமி.

"ஓமோம்," என்றார் ஸைனுலாப்தீன் எழும்பி. "உன்ட காருக்கு இரும்பு. என்ட மகளுக்குச் செம்பு. அந்தப் பள்ளத்தில ஒரு புள்ள போனது உனக்குத் தெரியும்தானே, பாக்கியம்?"

சாமி மெல்ல மெல்லப் பின்னுக்கு நகர்ந்தார். அடிக்கக் கை ஓங்கியவர்களைப் பூரணி தடுத்தாள். பெற்றோல் ஊற்றியவர்கள் மொறிஸ் காரின் தாங்கியைத் திறந்து தங்கள் தங்கள் பங்கை உறிஞ்சி எடுத்துக்கொண்டார்கள். சாமி பட்டினத்துக்கு நடந்தே போனார். றோட்டு எப்படிப்பட்டது என்று அன்றைக்குத்தான் அவருடைய காலுக்குத் தெரிந்திருக்கும்.

வானுக்குக் குணரத்தினம் பின்னால் இரண்டு பக்கமும் தடித்த இரும்புத் தகடு கூட்டிப் போட்டுக் கொடுத்தார். மார்கழி மழை கொட்டிய ஒரு மத்தியானம் லைலாவுக்கு வலி கண்டது. அதே றோட்டு. அதே பள்ளம். வான் குத்தி விழுந்தபோது ஸைனுலாப்தீன் கண்ணை மூடிக்கொண்டாராம். சாரதி கண்ணை மூடுவது நல்ல பழக்கம் இல்லை, ஆனாலும் அன்றைக்கு மன்னிக்கலாம். தகடு முனகியது, வளைந்தது, திரும்ப நிமிர்ந்தது. வான் சேற்றை மிதித்துக்கொண்டு ஏறிவிட்டது. மாலையில் மூதூர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் குழந்தை ஊரைக் கூட்டி அழுதது.

பூரணி குழந்தையைக் கொண்டுவந்து பாட்டனின் கையில் கொடுத்தாள். அவர் அழுதுகொண்டே சொன்னார்: "மிஸ்ஸி, தகடு தாங்கிச்சு."

"எந்தத் தகடு நானா?"

"இரும்பு, மிஸ்ஸி! இரும்பு!"

இத்தோடு ஊர் திருந்திவிட்டது என்று எழுதி முடிக்க எனக்கும் ஆசைதான். கேளுங்கள்: பூரணி அன்று பிடுங்கவேண்டாம் என்று சொன்ன வேப்பங்குச்சியை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அது சந்திக்குப் பக்கத்து வீடொன்றில் மஞ்சள் பூசி, பூ வைத்து நிற்கிறது. "மிஸ்ஸியின்ர குச்சி, பொய்யைப் பிடிக்கும்" என்று சனம் வரிசையில் நின்று தொட்டுக் கும்பிடுகிறது. பூரணி போய்ச் சத்தம் போட்டுப் பார்த்தாள். "மிஸ்ஸிக்கு அருள் வந்திட்டுது" என்று அவளையும் கும்பிட்டார்கள்.

ஐயாமாரே, அம்மாமாரே! கும்பிடுவதற்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் குனிகிறீர்கள். அந்தக் குனிவிலேயே ஒரு தடவை வண்டிக்கு அடியிலும் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் என்ன, முதுகா முறிந்துவிடும்?