கராஜ் கதவும் அக்கா வீட்டுக் கருவாடும்

வெர்லின் பொத்தானை அழுத்தினான். கராஜ் கதவு இறங்கி வந்து தரையைத் தொட்டது. தொட்ட வேகத்தில் மேலே போய்விட்டது.

"என்ன, வணக்கம் சொல்லிட்டுப் போகுதா?" என்றாள் மனைவி ஆர்டிஸ்.

"அடியில நான் போட்ட ரப்பர் தடிமன் ஜாஸ்தி. தரையில ஏதோ கிடக்குன்னு மோட்டார் பயப்படுது."

காலையில் இருந்தது ஒரு விரல் இடுக்குதான். அதில் காற்று வருகிறதே என்று கதவின் பக்கவாட்டில் ஒரு பட்டையை வைத்து ஆணி அடித்தான். கதவு கோணிக்கொண்டு அடியில் இடைவெளி விழுந்தது. அடியில் ரப்பர் போட்டான்; மூடவே மறுத்தது. இப்போது மோட்டாரின் அழுத்தத்தைக் கூட்டினான். கதவு தரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. மினசோட்டாவின் டிசம்பர் காற்றையே ஜெயித்துவிட்ட பூரிப்பில் மத்தியானம் நன்றாகத் தூங்கினான்.

சாயங்காலம் ஆர்டிஸின் அக்கா லவான் வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்து. கார் கராஜுக்குள். மோட்டார் முனகியதே தவிர கதவு அசையவில்லை. ரப்பர் தரையோடு பனிக்கட்டியாய் உறைந்திருந்தது.

லவான் நாள்கணக்கில் ஊறவைத்துச் சமைக்கும் கருவாடு தட்டில் கொழகொழவென்று நடுங்கும். ஆர்டிஸ் அதை வருஷா வருஷம் "பிரமாதம்க்கா" என்று சாப்பிடுவாள். அவளுடைய சந்தோஷம் தன்னால் கெடுவதா என்று வெர்லின் பதறினான்.

வெளியே ஓடிப் போய் வெந்நீர் ஊற்றினான். அதுவும் உறைந்து பனி இரண்டு மடங்கானது. உளியால் கொத்தினான். கதவு திறக்கவில்லை, ரப்பர் கிழிந்து காற்று மட்டும் ஜோராக உள்ளே போனது.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு டாரல்ட் வந்தான். "என் வண்டிய எடுத்துட்டுப் போங்களேன்."

"ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றாள் ஆர்டிஸ்.

ஊர் வழக்கம் அதுதான். இரண்டு தடவை மறுக்க வேண்டும், மூன்றாவது தடவை வாங்கிக்கொள்ள வேண்டும்.

"ஒரு சிரமமும் இல்லங்க."

"வேண்டாங்க."

"அட, பிடிங்க சாவிய!"

வெர்லின் கையை நீட்டினான். ஆர்டிஸ் அதைத் தட்டிவிட்டாள். "வேண்டவே வேண்டாம்."

"இது மூணாவது தடவை!" என்று வெர்லின் கிசுகிசுத்தான்.

"எனக்கும் எண்ணத் தெரியும்."

அக்காவுக்கு போன் போட்டு வருத்தம் தெரிவித்தாள். பிறகு கறியும் உருளைக்கிழங்குமாக அடுப்பில் வேகவைத்து டாரல்டையும் சாப்பிட உட்காரவைத்தாள். தானே இரண்டு தடவை போட்டுக்கொண்டாள்.

"என் ரப்பரால உன் விருந்து போச்சே, ஆர்டிஸ்."

"விடு வெர்லின், நல்லதுக்குத்தானே செஞ்சே." ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி காப்பி போடப் போனாள்.

இப்படி ஒருத்தி கிடைக்க என்ன தவம் செய்தோமோ என்று வெர்லினுக்குக் கண் கலங்கியது. டாரல்ட் அவன் காதருகே குனிந்தான்.

"ரப்பர் மேல பழி போடாதப்பா. நீ தூங்கறப்போ ஆர்டிஸ் கதவடியில வாளி வாளியா தண்ணி ஊத்தினத நான் பார்த்தேன். இல்லேன்னா என் புது வண்டிச் சாவிய அவ்ளோ தைரியமா நீட்டியிருப்பேனா?"